வெளிச்சம் புகாத அச்சு

கத்தரிக்காயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஒருவரை நான் கண்டது சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரத்தில்தான். கத்தரிக்காய்க்குள் வெளிச்சம் போகாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பிடிப்பார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு காம்பிலிருந்து நுனிவரை பார்ப்பார். பிறகு அதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு, "இன்னொண்டு பாப்பம்" என்பார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் மீன் வாங்கி, காசு கொடுத்து, கடைக்காரரோடு ஊர்ப்புதினம் கதைத்து முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். சொந்தமில்லை, எனக்கு மேல்மாடியில் குடியிருந்தவர். அவருடைய கணவர் எனக்கு அத்தான் ஆனார். அக்காவுக்கு முதியோர் இல்லமொன்றில் சலவைப் பகுதியில் வேலை. நான் அப்போது ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக இருந்தேன். என்னிடம் ஒரு பழைய கார் நின்றது, அவர்களிடம் இல்லை. எங்கள் உறவு அந்தக் காரில்தான் தொடங்கியது என்று நான் சொன்னால் அக்கா கோபிப்பார். ஆனால் பார்த்து வாங்கவேண்டிய பொருள் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் அவரை ஏற்றிக்கொண்டு போனது நான்தான்.

எனக்கு எதையும் முதலில் கண்டவுடன் எடுத்துத்தான் பழக்கம். கார் அப்படி வாங்கினது. அது மலை ஏறும்போது போடுகிற சத்தத்தைக் கேட்டு அக்கா ஒவ்வொரு முறையும், "இதை எடுக்கேக்க வேற ஒண்டும் நிக்கேல்லையோ?" என்று கேட்பார். சரி, அவர் தெரிந்தெடுத்தது என்ன பெரிய திறம் என்று பார்த்தால், அவர் எதையும் லேசில் எடுத்து முடித்ததே இல்லை. அவர்களுடைய வரவேற்பறை ஜன்னலுக்கு நீண்டகாலம் திரைச்சீலை கிடையாது. எதிர்வீட்டு சுவிஸ் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பழைய திரைச்சீலைகளை மடித்துக்கொண்டு வந்து கொடுத்தாராம். அக்கா அவற்றையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வைத்துக்கொண்டார், தொங்கவிடவில்லை. ரயிலில் போனால் சூரிச் வரும்வரை இருக்கை மாறிக்கொண்டிருப்பார். இடியப்ப உரல் வாங்கப் போன அன்றைக்கு அதன் கண்களூடாக என்னைப் பார்த்து, ஒரு கண் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் அதை என் கையில் தந்தார். அடைத்த கண்ணோடு அது இன்றைக்கும் என் சமையலறையில் வேலை செய்கிறது.

இப்படிப்பட்டவர் எப்படிக் கல்யாணம் செய்தார் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவருடைய காலத்தில் மாப்பிள்ளை சுவிஸில், பெண் யாழ்ப்பாணத்தில், நடுவில் ஒரு படம். படம் வந்தது, ஓம் என்றார்கள், விமானம் ஏற்றிவிட்டார்கள். அந்தப் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தனக்கு ஒருவரும் நேரம் தரவில்லை என்று அக்கா சொன்னார்.

"என்ர சீவியத்தில பாக்காமல் எடுத்தது ஒண்டே ஒண்டுதான்" என்று தாடையால் அத்தானைக் காட்டினார்.

கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்த அத்தான் நிமிரவேயில்லை. "திருப்பிக் குடுக்கிற தவணை முடிஞ்சுது" என்றார்.

அக்கா பிஸ்டல் சுடப் போன கதையும் இந்தப் பார்க்கிற குணத்திலிருந்துதான் வந்தது. சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நினைத்தபோது, யாரோ அவருக்குப் புத்தி சொன்னார்கள். நேர்முகத்தில் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர் என்று கேட்பார்கள், கோயிலைச் சொன்னால் காணாது, இந்த ஊர்க்காரருடைய சங்கமாக இருக்கவேண்டும் என்றார்கள். அக்கா ஊஸ்டரைச் சுற்றியிருந்த சங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். பாட்டுக் குழுவில் வாயைத் திறக்கவேண்டும். உடற்பயிற்சிச் சங்கத்தில் அரைக்காற்சட்டை போடவேண்டும். சீட்டாட்டச் சங்கத்தில் கூட்டாளி ஏசினார். கடைசியாகப் போனது பிஸ்டல் சங்கம். அங்கே எல்லாரும் காதை மூடிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், முன்னுக்குப் பார்த்தபடி நின்றார்கள். தன்னுடைய அரைகுறை ஜெர்மன் பேச்சுக்கு இதைவிடத் தோதான இடம் உலகத்தில் கிடையாது என்று அக்காவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

சங்கத்தார் சந்தோசமாகப் படிவத்தை நீட்டினார்கள். அக்கா இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டினார். நீட்டின படிவம் திரும்ப மேசைக்குப் போனது. இந்த நாட்டுச் சட்டத்தில் சில தேசத்துக் கடவுச்சீட்டுக்காரர் துவக்கு வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது, அந்தச் சில தேசத்தில் எங்களுடையதும் ஒன்று. தலைவர் அதை மிகவும் சங்கடப்பட்டு, மெதுவாக, அவருக்கு விளங்குகிற ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருப்பார்கள். அக்கா கேட்டது ஒன்றுதான். பார்க்கலாமா?

பார்ப்பதற்குத் தடையில்லை என்றார்கள். அப்படியே ஒரு துவக்கையும் தொடாமல் அக்கா பிஸ்டல் சங்கத்தின் அங்கத்தவரானார். சங்கத்து விழாக்களுக்கு வடை கொண்டுபோனார். மற்ற நாட்களில் பின்னால் ஒரு நீள மர வாங்கில் இருந்து பார்த்தார். சுட்டு முடித்த அட்டைகள் திரும்பி வந்ததும், அவரையறியாமலே கை போய் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தது. கத்தரிக்காயில் வராத வெளிச்சம் அட்டையில் வந்தது. ஓட்டைமேல் ஓட்டை விழுந்த இடத்தில் ஒன்றா இரண்டா என்று மற்றவர்கள் சண்டைபிடிக்கும்போது, அக்கா பார்த்துச் சொன்னால் முடிவு. போகப்போக அட்டைகள் நேரே அவரிடம் வரத் தொடங்கின. சில சன்னங்கள் அட்டையைக் கிழித்துக்கொண்டு போகின்றன, சில வெட்டினதுபோல வட்டமாகத் துளைத்துக்கொண்டு போகின்றன என்று அவர் அந்த வாங்கிலிருந்தேதான் கண்டுபிடித்தார். துவக்கிலிருந்து போகிற ஈயக் குண்டை எங்கள் பக்கத்தில் சன்னம் என்போம்.

குடியுரிமை நேர்முகத்தில் அந்தக் கேள்வி வந்தது. பிஸ்டல் சங்கம் என்றார். எப்படிச் சுடுவீர் என்று கேட்டார்கள். சுடமாட்டேன், சுட விடமாட்டீர்கள், பார்ப்பேன் என்றார். அங்கே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில்தான் தனக்குப் பாஸ்போட் கிடைத்தது என்பது அக்காவின் கட்சி.

அத்தான் விண்ணப்பிக்கவில்லை. அவருக்கு வதிவிட அனுமதி போதும். எப்படியும் திரும்பிப் போகப் போகிற ஆளுக்கு எதற்குச் சிவப்புப் பாஸ்போட் என்பது அவருடைய கட்சி. வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிய நாளிலிருந்து அவர் அடுத்த வருடம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அதனால் ஒரே வீட்டில், சட்டப்படி, மனைவி பிஸ்டல் வைத்திருக்கலாம், கணவன் அதைத் தொடவும் கூடாது. அக்கா பிஸ்டல் வாங்கியதும் அதற்கு ஒரு இரும்புப் பெட்டி வந்தது. பூட்டின திறப்பு அக்காவின் கழுத்தில். அத்தான் பெட்டியின் வெளிப்பக்கத்தைத் தூசி தட்டுவார்.

கோயிலில் ஆட்கள் கதைக்காமல் இல்லை. யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த இடத்தில் பொம்பிளைக்குத் துவக்கு என்னத்துக்கு என்று கேட்டார்கள். உண்மையில் எனக்கும் அது கொஞ்சம் நெருடலாகத்தான் இருந்தது. ஒருநாள் காரில் போகும்போது கேட்டே விட்டேன். அக்கா வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

"அங்கை வெடிச்சத்தம் கேட்டா விழுந்து படுக்கோணும் பிள்ளை. ஆர், எங்கையிருந்து எண்டு தலையைத் தூக்கிப் பாக்கேலாது. இஞ்சை வெடிச்சுப்போட்டு நிண்டு பாக்கலாம்."



சங்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். பயிற்சிக்கு வேண்டிய சன்னங்களைத் தானே ஈயம் உருக்கி வார்த்து, வெடித்து வெறுமையான தோட்டாக் கோதுகளில் திரும்ப அடைத்துச் சுடுகிறவர். பயிற்சிக்குக் கடையில் வாங்குகிற சன்னம் கட்டுப்படியாகாது, நீயும் ஒரு அச்சு வாங்கு, என் அடுப்பிலேயே வார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னார். அவர் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை.

அச்சு என்றால் பெரிய இயந்திரமில்லை. பாக்குவெட்டிபோல இரண்டு கைபிடி, வெட்டுகிற இடத்தில் இரண்டு உலோகக் கட்டி. மூடினால் உள்ளே சன்னத்தின் வடிவில் குழி. ஊற்றி, ஆறவிட்டு, திறந்தால் விழும். இவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அலுமினியத்தில் இருக்கிறதாம், இரும்பில் இருக்கிறதாம், பித்தளையில் இருக்கிறதாம். அலுமினியம் கெதியாகச் சூடேறும், ஆனால் சொன்ன சொல் கேட்காது. இரும்பு பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் நிற்கும், ஆனால் துருப்பிடிக்கும். பித்தளை கையை ஒடிக்கும். ஒரு குழியா, இரண்டா, ஆறா? மூக்கு உருண்டையா, தட்டையா? அக்கா இதையெல்லாம் என்னிடம் கேட்டார். பல்லுக்கு அச்செடுக்கிற வேலைதானே உனக்கு, உனக்குத் தெரியாமலா என்றார். கோயில் ஐயரிடமும் கேட்டார். மோதக அச்சு என்று நினைத்து ஐயர் பித்தளை நல்லது என்று சொல்லிவிட்டாராம்.

அந்தக் காலத்தில்தான் அத்தானுக்குப் பென்சன் கிட்டியது. யாழ்ப்பாணத்தில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிகிற கட்டத்துக்கு வந்தது. தரைக்கு என்ன மாபிள், கதவுக்கு என்ன நிறம் என்று எல்லாம் கைபேசியில் பார்த்து அன்றைக்கன்றே முடிவு சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் போய்விடுவம் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார்.

அச்சுக் கதை வந்தபோது முதலில் கணக்குப் போட்டது அத்தான்தான். கோப்பையில் தேத்தண்ணியைக் கலக்கியபடி, பகிடிபோலத்தான் தொடங்கினார்.

"சன்னம் வார்க்கிற அச்சோட கட்டுநாயக்கா எயாப்போட்டில இறங்கினால், எங்கள் ரெண்டு பேரையும் வேற வாசலாலதான் கூட்டிக்கொண்டு போவாங்கள்."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மூன்று பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம். அந்த அச்சை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அதை வாங்கினால் அக்கா போகவில்லை என்று அர்த்தம். வேண்டாம் என்று விட்டால் போகிறார் என்று அர்த்தம். இதை அதற்குப் பிறகு ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை, சொல்லவேண்டியும் இருக்கவில்லை. அக்கா வாங்கவும் இல்லை, தேடுவதை விடவும் இல்லை. என் கார் மலை ஏறத் தொடங்கியது.

டாவோஸில் ஒரு வேட்டைக்காரர் பழைய பித்தளை அச்சொன்றை விற்கிறார் என்று தெரிந்து மூவருமாகப் போனோம். வழியில் அத்தான் தான் கோப்பை கழுவிய ஹோட்டலைக் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள்தான் தொட்டி இருந்ததாம். "இதில வந்து நிக்கேக்க ரெண்டு வருசம் எண்டுதான் நினைச்சனான்" என்றார். அக்கா அந்த ஜன்னலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வேட்டைக்காரரின் சமையலறையில் அச்சை வாங்கி, திறந்து, மூடி, அது மூடுகிற சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டு, பனி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு கட்டிக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிந்தால் ஈயம் அதனால் வழிந்து சன்னத்துக்குச் செட்டை முளைக்கும். தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு தெரிந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இன்னொண்டு பாப்பம்."

திரும்பி வரும்போது அத்தானின் முகத்தைப் பார்க்கவேண்டும். வழியில் நிறுத்தச் சொல்லி எங்களுக்குக் கேக்கும் கோப்பியும் வாங்கித் தந்தார். காரில் பழைய பாட்டொன்றை முணுமுணுத்தார். ஆயுதச் சந்தைக்குப் போய் வெறுங்கையோடு வந்த அன்றைக்கும் கேக் கிடைத்தது. கிழவர் தன் நண்பரிடம் வாங்கித் தந்த அச்சை அக்கா திருப்பிக் கொடுத்த அன்றைக்கும் கேக் கிடைத்தது. அந்த வருடம் எனக்கு உடம்பு வைத்ததற்கு அக்காவின் தெரிந்தெடுப்புத்தான் காரணம்.

பிறகு ஃப்ரிபூர்க். அங்கே ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சு, அப்போது எங்களுக்கு அது துண்டாக வராது. அவர் ஒரு பெட்டியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுக் கையால், எடுத்துப் பாருங்கள் என்று காட்டினார். இரும்பு அச்சு. தட்டை மூக்கு, அக்காவின் பிஸ்டலுக்குச் சரியான அளவு. அந்த மனிதர் அதற்கு எண்ணெய் பூசிப் பூசி வைத்திருந்திருக்கிறார், பொட்டுத் துரு இல்லை. அக்கா திறந்தார், மூடினார், கேட்டார். ஜன்னலுக்குப் போய்ப் பிடித்தார். கட்டியைத் திருப்பிப் பிடித்தார். பிறகு என் கையில் தந்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் ஒரு பொட்டும் வரவில்லை. கடைசியில் அவர் தேடின அச்சு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா அதை மெல்லப் பெட்டியில் வைத்தார். கைபிடியை விட அவருக்கு மனம் வரவில்லை என்பதை நான் பார்த்தேன். அத்தானும் பார்த்தார்.

"கைக்குப் பாரம் காணாது" என்றார் அக்கா. "இன்னொண்டு பாப்பம்."

இரும்பு அச்சுக்குப் பாரம் காணாதாம். முன்பு பித்தளை கையை ஒடிக்கும் என்று சொன்ன அதே வாய். நான் சிரிக்கப் பார்த்தேன், அத்தானின் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டேன். அக்கா எத்தனையோ சாமானில் இல்லாத குற்றமெல்லாம் கண்டிருக்கிறார். ஆனால் தெரிந்துகொண்டே, பொய்யாக ஒரு குற்றம் சொன்னது அன்றைக்குத்தான். யாருக்காகச் சொன்னார் என்பது அந்த அறையில் பிரெஞ்சு அம்மாவைத் தவிர எல்லாருக்கும் விளங்கியது. வரும் வழியில் கேக் இல்லை. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார். அக்கா கார் போடுகிற சத்தத்தைப்பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இரண்டு பேரில் யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அச்சுக் கதையே எழவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், இரவல் வாங்கின சட்டியைத் திருப்பிக் கொடுக்க மேலே போயிருந்தேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அத்தான் வெளியில் போய்விட்டு வந்தார். வெங்காயம் வாங்குகிற துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, கீரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது உமக்கு" என்றார்.

அக்கா கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். புது அச்சு, கைபிடி மரம் பளபளவென்று இருந்தது. அவர் அதைத் தொடாமல் அத்தானையே பார்த்தார்.

"எங்கை வாங்கினீங்கள்?"

"கடையில."

"எத்தினை பாத்தனீங்கள்?"

"முதல் காட்டினதை எடுத்தன்."

அக்காவுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சியை ஒருவரும் கொடுத்திருக்க முடியாது. அவர் வாய் திறப்பதற்கு முன்னமே அத்தான் கதிரையை இழுத்து இருந்தார். அவசரமில்லாமல், கீரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வீட்டை வாடகைக்கு விடுவம். வருசத்தில ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரலாம். பாக்கிறது உமக்கு விருப்பம்தானே."

அக்கா எழும்பி அச்சை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். திரைச்சீலை இல்லாத அந்த ஜன்னல். மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணைச் சுருக்கவில்லை. இரண்டு கண்ணும் திறந்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு அச்சைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட மிக அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"வெளிச்சம் வரேல்லை. நல்ல அச்சு" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனால் என்ர துவக்குக்கு வராது" என்றார்.

அது ரிவோல்வர்காரருடைய அளவு. கடைக்காரர் அளவைக் கேட்டபோது, திறமான அளவாகத் தாருங்கள் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அச்சு அச்சுத்தானே, அதற்குள் இத்தனை சாதி இருக்கிறது என்று எனக்கென்ன தெரியும் என்று எங்களிடம் வாதாடினார். அக்கா அன்றைக்குத் தொடங்கின ஏச்சை அடுத்த கிழமைவரை நிறுத்தவில்லை. இத்தனை வருடம் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு பெண்சாதியின் சப்பாத்து அளவு தெரியாது, சரி போகட்டும், துவக்கின் அளவுமா தெரியாது என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி ஏசினார். ஊருக்குப் போகிறதைப்பற்றி ஏதும் சொன்னால் அழுதுவிடுவார் என்றுதான் அளவைப்பற்றி அவ்வளவு ஏசினார் என்று நான் நினைக்கிறேன். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார்.

கடையில் மாற்றித் தருவார்கள் என்று நான் சொன்னேன். சங்கத்துக் கிழவர், என்னிடம் உன் அளவில் ஒன்று இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒரு குற்றமும் இல்லாத சாமானையே திருப்பிக் கொடுக்கிற பெண், பிழையான அளவில் வந்த இதைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன் என்று நின்றார். கிழவர் காரணம் கேட்டதற்கு, வெளிச்சம் வரவில்லை என்று மட்டும் சொன்னாராம். அப்படியானால் அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே என் கார் இன்னொரு தரம் மலை ஏறப்போகிறது என்று தெரிந்துவிட்டது. ஊரில் உள்ளவர்கள் துவக்குக்கு அச்சுத் தேடுவார்கள். அக்கா அச்சுக்குத் துவக்குத் தேடத் தொடங்கினார்.

அந்தத் தேடல் முடிவதற்குள் எனக்கு ஃப்ரிபூர்க்கில் வேலை கிடைத்து நான் போய்விட்டேன். ரிவோல்வர் வாங்க அனுமதிப் பத்திரம் வேறு வேண்டும். அது வந்ததும் எத்தனையைப் பார்த்தாரோ, எந்தெந்தக் கடைக்காரர் மனம் நொந்துபோனாரோ, எனக்குத் தெரியாது. தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "இன்னும் பாக்கிறன் பிள்ளை" என்பார். பின்னால் அத்தானின் குரல், "ஆறுதலாப் பாரும், நாங்கள் எங்கையும் போகேல்லை" என்று கேட்கும்.

போன வசந்தத்தில் ஊஸ்டருக்குப் போனபோது நேரே சுடுதளத்துக்கு வரச் சொன்னார்கள். அக்கா கிழவரின் அடுப்படியில் நின்று வார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி, தோல் கையுறை, முகத்தில் ஒரு கடுமை. அச்சுச் சூடேறும்வரை முதலில் விழுகிற சன்னங்கள் முதல் தோசைபோலச் சுருங்கித்தான் வருமாம். அவற்றைத் திரும்ப உருக்குகிற சட்டிக்குள் போட்டபடி, பிறகு வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒதுக்கினார். ஒதுக்கின குவியல்தான் பெரிதாக இருந்தது. அத்தான் தள்ளி ஒரு கதிரையில் தேத்தண்ணிப் போத்தலோடு இருந்தார். கிட்ட வந்தால், "உங்கட பாஸ்போட்டுக்கு இது சரிவராது, தள்ளி இருங்கோ" என்று அக்கா கலைத்துவிடுவார்.

பிறகு ஆறிக் கிடந்த, முன்னமே வார்த்து அடைத்து வைத்திருந்தவற்றை எடுத்துக்கொண்டு சுடப் போனார். ரிவோல்வர் நீல நிறத்தில், சின்னதாக, அழகாக இருந்தது. அத்தான் காதை மூடிக்கொண்டு பின்னாலிருந்த வாங்கில் இருந்தார், ஒருகாலத்தில் அக்கா இருந்த அதே வாங்கு. சுட்டு முடிந்து அட்டை வந்ததும் அக்கா அதைத் தான் பார்க்கவில்லை. பின்னால் திரும்பாமலே நீட்டினார். துவக்கைத் தொடக்கூடாத மனுசன் அட்டையைத் தொடலாம். அத்தான் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கினார்.

அந்தக் காட்சியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பார்க்கிற ஆள், கடைசியில் பார்க்காமல் வந்த அச்சில்தானே வார்க்கிறீர்கள் என்று அக்காவைச் சீண்டினேன்.

அக்கா காதுமூடியை ஒரு பக்கம் விலத்தினார். "பாக்காமல் வந்தது இப்ப ரெண்டு" என்றார். "ரெண்டும் இன்னும் பழுதாகேல்லை."

அத்தானுக்குக் காது மூடியிருந்தது. கேட்டதோ இல்லையோ தெரியாது. அட்டையை இறக்காமலே, "ஒண்டு வட்டத்துக்கு வெளியாலை போட்டுது" என்றார்.

"அப்ப இன்னொண்டு பாப்பம்" என்று அக்கா காதை மூடிக்கொண்டு முன்னுக்குத் திரும்பினார்.